யாருடைய கடை இது?

1980களின் கடைசியில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்குத் தபாலில் குப்பை அனுப்பத் தொடங்கினார்கள். பர்கரைத் தின்று முடித்தபின் மிஞ்சும் வெற்றுப் பெட்டிகள்தான் அந்தக் குப்பை. வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. அடியும் மூடியும் ஒட்டியே இருக்கும், விரலால் நெம்பினால் திறந்துகொள்ளும். சூடு ஆறாது, எண்ணெய் கசியாது, விலையும் மலிவு. வாடிக்கையாளர் கையில் அதற்கு ஐந்து நிமிட வேலைதான். அதன்பிறகு குப்பைமேட்டில் மக்காமல் கிடக்கும். உங்கள் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

இன்று அந்தப் பெட்டி இல்லை. அமெரிக்கக் கடைகளில் அதைக் கைவிடுவதாக 1990 நவம்பர் 1 அன்று நிறுவனம் அறிவித்தது. பெட்டி இருந்த இடத்துக்குக் காகித உறை வந்தது. அந்த முடிவுக்கு வந்த விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் என்விரான்மென்ட்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற சூழல் அமைப்புடன் நிறுவனம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நிறுவனத்திடம் ஒரு காசு கூட வாங்க மாட்டோம் என்பது அந்த அமைப்பின் நிபந்தனை. கருத்து ஒத்துப்போகாவிட்டால் தனியாக அறிக்கை வெளியிடும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டார்கள். அதன் ஆட்கள் கடைக்குள் போய் ஒரு நாள் வேலையும் பார்த்தார்கள். குப்பை எங்கே உருவாகிறது என்பதை அடுப்படியிலும் பின்கட்டிலும் நின்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அங்கே நின்றபோதுதான் வாடிக்கையாளர் கைக்கு வரும் பெட்டியைவிடப் பின்வாசலில் குவியும் அட்டைப் பெட்டிகள் பெரிய சுமை என்பது புரிந்தது. வெளுத்த வெள்ளைக் காகிதப் பை பழுப்பு நிறத்துக்கு மாறியது. கைதுடைக்கும் தாளின் அளவு சிறுத்தது. தொழில் நிறுவனமும் சூழல் அமைப்பும் வழக்குமன்றத்தில் எதிரெதிராக மட்டுமே சந்தித்துவந்த காலம் அது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்நாளில் பெரிய செய்தி.

ஆனால் அதே 1990 செப்டம்பரில், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், இதே நிறுவனம் லண்டனில் ஐந்து பேர்மீது அவதூறு வழக்குப் போட்டது. 'லண்டன் கிரீன்பீஸ்' என்ற சிறு குழுவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். புகழ்பெற்ற கிரீன்பீஸ் அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1986 முதல் மெக்டொனால்ட்ஸைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை விநியோகித்தார்கள், அதுதான் குற்றம். அந்தக் குழுவின் கூட்டங்களில் நிறுவனம் ஏவிய தனியார் துப்பறிவாளர்கள் உறுப்பினர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினார்கள். ஹெலன் ஸ்டீல் என்ற இளம்பெண்ணும் முன்னாள் தபால்காரர் டேவ் மோரிஸும் மறுத்துவிட்டார்கள். அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவி கிடையாது என்பதால் இருவரும் தாங்களே வாதாடினார்கள். 1994 ஜூனில் தொடங்கிய விசாரணை 1997 ஜூனில்தான் முடிந்தது. இங்கிலாந்தின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட வழக்கு வேறில்லை.

தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகம், 60,000 பவுண்டு இழப்பீடு. மழைக்காட்டு அழிவு, ஏழை நாடுகளின் பட்டினி போன்ற குற்றச்சாட்டுகளை எதிர்வாதிகள் நிரூபிக்கவில்லை என்றார் நீதிபதி பெல். அதே தீர்ப்பில் வேறு சிலவற்றையும் எழுதிவைத்தார். விளம்பரங்கள் குழந்தைகளைச் சுரண்டுகின்றன, சில கால்நடை வதைகளுக்கு நிறுவனமும் பொறுப்பு, இத்துறையின் கூலியைக் குறைவாக வைத்திருப்பதில் அதற்குப் பங்குண்டு என்று உறுதி செய்தார். நிறுவனம் அந்தப் பணத்தை வசூலிக்கவே இல்லை. 2005 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்ட உதவி இல்லாமல் இருவரையும் நிற்கவைத்த பிரிட்டன் அரசு நேர்மையான விசாரணை என்ற உரிமையையும் கருத்துரிமையையும் மீறியது என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கு இலவசமாகத் துணைநின்ற வழக்கறிஞர் கீர் ஸ்டார்மர் 2024இல் பிரிட்டன் பிரதமரானார்.

ஒரே ஆண்டில் ஒரு கண்டத்தில் விமர்சகரோடு உட்கார்ந்து பேச்சு, இன்னொரு கண்டத்தில் விமர்சகர்மீது வழக்கு. நல்ல நிறுவனமா கெட்ட நிறுவனமா என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. எதைத் தன் கடை என்று நினைக்கிறது, எதை வேறு யாருடைய கடையோ என்று ஒதுக்குகிறது என்று பார்த்தால் வழி தெரிகிறது. அதற்குத் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

1948இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் ஓடிக்கொண்டிருந்த தங்கள் உணவகத்தைச் சில மாதம் மூடினார்கள். கார்களுக்கே தட்டை ஏந்திப்போன பணிப்பெண்களை நிறுத்தினார்கள். பட்டியலைச் சுருக்கினார்கள். வீட்டு டென்னிஸ் திடலில் சுண்ணக்கட்டியால் சமையலறையை வரைந்து, யார் எங்கே நிற்பது, எத்தனை அடி நடப்பது என்று ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் கிடைத்தது அந்தக் கணக்கால்தான். 1955இல் இல்லினாயின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்து, 1961இல் 27 லட்சம் டாலருக்குச் சகோதரர்களிடமிருந்து மொத்தத்தையும் வாங்கிய ரே கிராக் அந்தக் கணக்கைக் கையேடாக்கினார். ஒரு பவுண்டு இறைச்சியில் சரியாகப் பத்து வட்டு. உருளைக்கிழங்குக் குச்சியின் கனம் அங்குலத்தில் 9/32, அதாவது ஏழு மில்லிமீட்டர். கடை நடத்த உரிமம் வாங்கியவர் எவரானாலும் இதில் ஒரு நூல் பிசகக் கூடாது. கடை நிற்கும் மனையும் பெரும்பாலும் நிறுவனத்தின் பிடியில் இருக்கும். உரிமக் கடைக்காரர் வாடகையும் கொடுப்பார், விற்பனையில் பங்கும் கொடுப்பார்.

சட்டப்படி அவர் தனி முதலாளி. இன்றைக்கு உலகில் உள்ள 40,000க்கும் மேற்பட்ட கடைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் இப்படிப்பட்டவை.

தன் கடை என்று நினைத்தபோது இந்த நிறுவனம் என்ன செய்ய வல்லது என்பதை இறைச்சிக்கூடங்களில் பார்க்கலாம். 1999இல் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டினை அழைத்துத் தனக்கு மாட்டிறைச்சி தரும் கூடங்களைத் தணிக்கை செய்ய வைத்தது. எத்தனை மாடு முதல் அடியிலேயே நினைவிழக்கிறது, எத்தனை வழுக்கி விழுகிறது, எத்தனை கதறுகிறது என்று எண்ணுவதுதான் தணிக்கை. தேறாத கூடத்தில் கொள்முதல் கிடையாது. பெரும்பாலான இடங்களில் தேவைப்பட்ட திருத்தம் சின்னதுதான். வழுக்காத தரை போட வேண்டும், மாடு மிரளும் இருட்டு மூலையில் விளக்கு வைக்க வேண்டும், மயக்கும் கருவியை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் காணாத மாற்றத்தை அந்த ஓராண்டில் கண்டதாகக் கிராண்டின் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டும் அந்தத் தரை வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வாங்குகிறவர் கேட்கவில்லை, விற்கிறவர் மாற்றவில்லை.

கோழிக்கும் அப்படித்தான். 2000இல் முட்டைக் கோழி ஒன்றுக்குக் கூண்டில் குறைந்தது 72 சதுர அங்குலம் வேண்டும் என்றது. ஓர் ஏ4 தாளைவிடச் சிறிய இடம், அதுவே அன்று முன்னேற்றம். 2015இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாண்டுக்குள் கூண்டில்லா முட்டைக்கு மாறுவோம் என்று வாக்களித்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி முட்டை வாங்கும் நிறுவனம் அது. கெடு முடியும் முன்பே அமெரிக்காவில் அந்த வாக்கை நிறைவேற்றியது. அமேசான் காட்டைப் புதிதாக அழித்து விளைத்த சோயாவைக் கோழித் தீவனத்துக்கு வாங்குவதைப் பற்றி 2006இல் கிரீன்பீஸ் அறிக்கை வெளியிட்டபோதும் சில மாதங்களிலேயே நிறுவனம் இறங்கிவந்தது. அந்த ஜூலையில் பெரும் சோயா வணிகர்கள் கொள்முதல் தடைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

உருளைக்கிழங்கு வறுவலின் கதை இவ்வளவு நேர்த்தியானதல்ல, நம்மவர்களுக்கு அதில் நேரடிப் பங்கும் உண்டு. தொடக்கத்தில் வறுத்தது மாட்டுக் கொழுப்பில். மாரடைப்பிலிருந்து பிழைத்த ஃபில் சோகோலாஃப் என்ற ஒமாஹா நகரத் தொழிலதிபர் சொந்தப் பணத்தில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்துக் கண்டித்தார். அதே 1990இல் நிறுவனம் தாவர எண்ணெய்க்கு மாறியது. அமெரிக்காவில் குடியேறிய இந்திய சைவக் குடும்பங்கள் நிம்மதியாக வாங்கிச் சாப்பிட்டன. சுவைக்காக மாட்டிறைச்சிச் சாறு சேர்த்துவந்தது 2001இல்தான் வெளிப்பட்டது. 'இயற்கைச் சுவையூட்டி' என்ற சொற்றொடருக்குள் அது ஒளிந்திருந்தது. சியாட்டிலில் வழக்கு, மும்பையில் கடைமுன் கலவரம். இந்தியக் கடைகளின் வறுவலில் அது கிடையாது என்றது நிறுவனம். அடுத்த ஆண்டு மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பொய் சொல்லவில்லை, முழுதும் சொல்லவில்லை என்பதற்கான விலை அது. பிள்ளைக்கு ஊட்டிய கையை நினைத்துக் கூனிக்குறுகிய தாய்மாருக்கு ஒரு கோடி டாலர் ஈடாகாது என்றே நான் நினைக்கிறேன்.

இனி, கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்.

1972இல் ரே கிராக், அதிபர் நிக்சனின் தேர்தல் நிதிக்குச் சுமார் 2,50,000 டாலர் கொடுத்தார். பதினாறு, பதினேழு வயதினருக்குக் குறைந்தபட்சக் கூலியில் 20 சதவீதம் குறைத்துக் கொடுக்கலாம் என்ற திட்டம் அப்போது அமெரிக்கக் காங்கிரஸில் இருந்தது. பத்திரிகைகள் அதை 'மெக்டொனால்ட்ஸ் மசோதா' என்றன. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கிராக் மறுத்தார், மசோதாவும் நிறைவேறவில்லை. அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பையன்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மசோதா யாருக்கு உதவியிருக்கும் என்பது விளங்கும். 1974இல் ஃபிலடெல்ஃபியாவில், புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோர் மருத்துவமனைக்கு அருகே தங்குவதற்கு முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது. ஊர்ப் பணமும் நிறுவனப் பணமும் சேர்ந்து எழுந்த அந்த இல்லங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அங்கே ஓர் இரவு தூங்கக் கிடைத்த பெற்றோருக்கு அதன் அருமை தெரியும், அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அறச்சாலை நடத்துவது வேறு, தன் ஆளுக்குக் கூலி கொடுப்பது வேறு.

2012 நவம்பரில் நியூயார்க்கின் துரித உணவுக் கடைப் பணியாளர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அமெரிக்க ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலி அன்று 7.25 டாலர், 2009இல் வைத்தது. 2015இல் நிறுவனம் உள்ளூர்க் குறைந்தபட்சத்துக்கு மேல் ஒரு டாலர் தருவதாக அறிவித்தது. நிறுவனமே நேரடியாக நடத்தும் கடைகளுக்கு மட்டும். உரிமக் கடைகளில் இருந்த பெரும்பான்மையினருக்கு அது செல்லாது, அந்தக் கூலி கடைக்காரரின் விவகாரம் என்றது. நிறுவனமும் கூட்டு முதலாளிதான் என்று தொழிலாளர் உறவு வாரியத்தில் பல ஆண்டு நடந்த வழக்கு 2019 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. கூட்டு முதலாளி என்ற முத்திரை விழவில்லை. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டாலர் கிடைக்கிறது. அது மாநிலச் சட்டம் கொடுத்தது.

கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் நடந்ததை 2023 மே மாதம் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்டபோதுதான் எனக்கு நெஞ்சு பதறியது. ஓர் உரிமக் கடையில் பத்து வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள். உணவு தயாரித்து, கடையைக் கூட்டி, பணம் வாங்கி, சில நாள் அதிகாலை இரண்டு மணிவரை. கூலி கிடையாது. ஒரு குழந்தை கொதிக்கும் எண்ணெய் அடுப்பிலும் நின்றிருக்கிறது. இரவு மேலாளரான பெற்றோரைப் பார்க்க வந்தவர்கள் என்றார் கடைக்காரர். மூன்று உரிமக்காரர்களின் 62 கடைகளில் சட்டத்துக்கு மாறாக வேலை வாங்கப்பட்ட சிறார் 305 பேர், அபராதம் 2,12,000 டாலர் சொச்சம். ஏற்க முடியாதது என்றது நிறுவனம். வறுவல் ஏழு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடிந்த தலைமையகத்துக்கு, அதை வறுக்கும் கையின் வயது தெரியவில்லை.

முடியாது என்பதில்லை. பாலியல் தொல்லைக்கு எதிராக அமெரிக்கப் பணியாளர்கள் 2018இல் பத்து நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு, பணியாளருடன் உறவு வைத்திருந்ததற்காகத் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கே நீக்கப்பட்டார். மறைத்த உறவுகள் பின்னர் தெரியவர, 2021இல் பத்துக் கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். 2022 ஜனவரி முதல், தொல்லைத் தடுப்புப் பயிற்சியும் பணியாளர் பாதுகாப்பும் உலகம் முழுதும் எல்லாக் கடைகளுக்கும் கட்டாயம். உரிமக் கடைகளுக்கும்தான். அதுவரை அடுத்தவர் கடையாக இருந்தது அந்த ஓர் உத்தரவில் தன் கடையாகிவிட்டது. விதி போட்டதோடு தொல்லை நின்றுவிடவில்லை. 2023இல் பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட இளம் பணியாளர்கள் பிபிசியிடம் முறையிட்டார்கள். ஆனாலும் 2025 ஜனவரியில் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர், 29 பேரை வேலையைவிட்டு நீக்கியிருப்பதாக நாடாளுமன்றக் குழுமுன் வந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடைகளிலும் பெரும்பாலானவை உரிமக் கடைகள்தான்.

கூலி இன்னும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. கடைக்குள் நுழைந்து கழிப்பறைச் சுத்தத்தையும் எண்ணெயின் சூட்டையும் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் இன்றைக்கும் வருகிறார். அவர் அதே நாளில், அதே கடையில், சம்பளப் பதிவேட்டையும் பணியாளர்களின் பிறந்த தேதியையும் கேட்டுவாங்கிப் பார்க்க வேண்டும். தவறினால், தேறாத இறைச்சிக்கூடத்துக்குச் செய்ததைத் தேறாத கடைக்காரருக்கும் செய்ய வேண்டும். மாட்டுக்காக எழுதிய விதியை மனிதருக்கும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.