உங்களுக்குத் தெரியுமா? இலவச வைத்தியத்திலும் செலவு ஏறுவது ஏன்?

● இலங்கையின் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் 1951இலேயே நீக்கப்பட்டது. ஆனாலும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி இன்றும் மக்களின் கையிலிருந்துதான் போகிறது. தனியார் டொக்டர், வெளியில் செய்யும் இரத்தப் பரிசோதனை, பாமசி மருந்து என்று பல வழிகளில் அது கரைகிறது.

● மலேரியாவை ஒழித்த நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இன்று இங்கே பத்து மரணங்களில் எட்டுக்குக் காரணம் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்கள். காய்ச்சல் மருந்து சில நாளில் முடியும். பிரஷர் மாத்திரை ஆயுள் முழுக்கத் தொடரும்.

● 2012 குடிசன மதிப்பீட்டின்படியே எட்டில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருந்தார். நீண்ட ஆயுளால் கூடும் செலவு நியாயமானது. அதை மனமுவந்து ஏற்க வேண்டும்.

● நம் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது, மருந்து விலை மார்ச்சில் 29 சதவீதமும், ஏப்ரல் இறுதியில் 60 வகைகளுக்கு 40 சதவீதமும் கூட்டப்பட்டது.

● ஒரே மருந்து, கம்பனிப் பெயர் மாறினால் விலையும் மாறும். இதை உணர்ந்த பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தது. பாமசியில் மூலப்பெயரில் மருந்து உண்டா என்று கேளுங்கள்.

● அமெரிக்கா தன் தேசிய வருமானத்தில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. இலங்கை செலவிடுவது சுமார் 4 சதவீதம்தான். சராசரி ஆயுளிலோ பெரிய வித்தியாசமில்லை. கூடிய செலவெல்லாம் கூடிய சுகம் ஆகாது.

● மலையகத்தின் டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட புதிய ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கே மருந்து இலவசம். ஆனால் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளினிக் போகிற தொழிலாளிக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், விழாது. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஓட்டோக் கூலி வேறு. எந்த மருந்துத் துண்டிலும் எழுதப்படாத செலவு இது.

● அந்தப் பேருக்காகக் கிளினிக்கைத் தள்ளிப்போட்டால், கட்டுக்கடங்காத சர்க்கரை சிறுநீரகத்தையே பாதிக்கலாம். கிளினிக் நாளுக்கும் தோட்டங்கள் பேர் போடட்டும். பிந்தி வரும் பெரிய செலவைத் தடுக்க அதைவிட மலிவான வழி இல்லை.

● அவசரத்துக்கு 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை முற்றிலும் இலவசம்.