வைபை இருக்கு, இன்டர்நெட் வரல்லையா?



2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. இன்று பல லயங்களில் ஒரு ரவுட்டராவது இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும், அல்லது சீட்டுக் காசில் வாங்கியதாக இருக்கும். பக்கத்து வீட்டாரும் மாதாமாதம் பங்குக் காசு போட்டு அதைப் பாவிக்கிறார்கள். இது நல்ல விஷயம். ஆனால் அது வேலை செய்யாத நாளில் என்ன செய்வது என்று பலருக்குத் தெரியாது.

அண்மையில் நாம் போன ஒரு டிவிஷனில் நடந்தது இது. ஒரு மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இன்டர்நெட்டில் நிரப்ப உட்கார்ந்தாள். மறுநாள் கடைசி நாள். போனில் வைபை அடையாளம் முழுசாக இருந்தது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. தகப்பனார் ஒரு ஊசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் குத்திவிட்டார். அதோடு வைபையின் பெயரும் மாறிப் போச்சு, பாஸ்வேர்ட்டும் மாறிப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தோடு வந்தார். “என்னாண்ணே, நாங்களும் காசு குடுக்கிறோம்தானே? எங்கள மட்டும் வெட்டி விட்டுட்டீங்களா?” என்று கேட்டார்.

உண்மையில் ரவுட்டரில் ஒரு பிழையும் இல்லை. பகல் டேட்டா முடிந்திருந்தது. மீதி இருந்தது இரவு டேட்டா மட்டும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை டவுனுக்குப் போய், கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பினாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒரு ராத்திரித் தூக்கமும் இரண்டு வீட்டு ஒற்றுமையும் வீணாகக் கெட்டன. இப்படி நடக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறோம்.

பைப்பும் தண்ணியும்

லயத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? மேலே ஊற்றிலிருந்து டாங்கிக்கு ஒரு பைப் வருகிறது. டாங்கியிலிருந்து வீடுகளுக்கு வேறு பைப் போகிறது. ரவுட்டர்தான் அந்த டாங்கி. கம்பெனியின் டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவது இன்டர்நெட். ரவுட்டரிலிருந்து உங்கள் போனுக்கு வருவது வைபை. போனில் வைபை அடையாளம் முழுசாக இருந்தால், டாங்கிக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள பைப் நல்லா இருக்கு என்றுதான் அர்த்தம். டாங்கியில் தண்ணி இருக்கா என்பதை அது சொல்லாது.

ஆகவே, எந்தப் பக்கம் அடைப்பு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கேள்வி: எல்லாருக்குமா, ஒருவருக்கா?

பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். எல்லாருடைய போனிலும் வரவில்லை என்றால் குறை ரவுட்டரில், டேட்டாவில் அல்லது டவரில். ஒரு போனில் மட்டும் வரவில்லை என்றால் குறை அந்தப் போனில். இந்த ஒரு கேள்வியால் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாருக்கும் வரவில்லை என்றால்

ஒன்று: டேட்டா மீதியைப் பாருங்கள். மொத்தக் கணக்கை மட்டும் பார்க்க வேண்டாம். பல பெக்கேஜ்களில் டேட்டா இரண்டாகப் பிரிந்திருக்கும். இரவு டேட்டா நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வேலை செய்யும். மீதி நிறைய இருப்பது போலத் தெரியும், ஆனால் மாலை ஆறு மணிக்கு அது உதவாது. ரீலோட்டின் திகதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

இரண்டு: லைட்டுகளைப் பாருங்கள். கரண்ட் லைட் எரியாவிட்டால் பிளக்கையும் வயரையும் பாருங்கள். சிக்னல் லைட் எரியாவிட்டால் அல்லது சிவப்பாக இருந்தால் டவர் கிடைக்கவில்லை, அல்லது சிம் நழுவியிருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டு சிம்மைக் கழற்றி, துடைத்து, மீண்டும் சரியாகப் போடுங்கள்.

மூன்று: பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிஷம் விட்டு, மீண்டும் போடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். ரவுட்டர் புதிதாக டவரோடு பேசிச் சேரும். பல நாள் ஓயாமல் ஓடிய ரவுட்டர் சில நேரம் சிக்கிக்கொள்ளும், இதோடு சரியாகிவிடும்.

நான்கு: வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். தகரம் ரேடியோ அலையைத் தடுக்கும். லயத்துக் கருங்கல் சுவரும் நிறையத் தடுக்கும். ஆகவே ரவுட்டரை டிவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குள், கூரைத் தகரத்துக்கு ஒட்டினாற்போல வைக்கக் கூடாது. டவர் இருக்கும் திசையில் உள்ள ஜன்னல் ஓரம் நல்லது. இடம் தெரியாவிட்டால், காம்பராவிலும் இஸ்தோப்பிலும் மாற்றி மாற்றி வைத்து சிக்னல் லைட் எங்கே கூடுகிறது என்று பாருங்கள். மழைத் தண்ணி படாத இடமாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் கம்பெனிக்கு கோல் எடுங்கள். சிம் நம்பர், எந்த லைட் எரிகிறது, எத்தனை மணியிலிருந்து வரவில்லை என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். “லைட் எல்லாம் எரியுது, டேட்டா இருக்கு, ஓஃப் பண்ணிப் போட்டும் பாத்தாச்சு” என்று சொன்னால் அவர்களும் வேகமாக அடுத்த வேலைக்குப் போவார்கள்.

ஒரு போனில் மட்டும் வரவில்லை என்றால்

போனில் அந்த வைபையின் பெயரை அழித்துவிட்டு, பாஸ்வேர்ட்டைத் திரும்பப் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பிறகு போனில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பெட்டரி செத்துக் கிடந்த போனில் திகதி பழைய வருஷத்துக்குப் போயிருக்கலாம். திகதி பிழையாக இருந்தால் வங்கி, பரீட்சை, பாடப் பக்கங்கள் திறக்காது. பாதுகாப்பான பக்கம் ஒவ்வொன்றுக்கும் காலம் குறித்த ஒரு அத்தாட்சி உண்டு, போன் அதைத் திகதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதுதான் காரணம்.

இன்னொன்று, சில சின்ன ரவுட்டர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை போன்கள்தான் ஒரே நேரத்தில் சேரலாம், சிலதில் 10தான். மூன்று வீட்டுப் போன்களும் டிவியும் சேர்ந்துவிட்டால் கடைசியாக வந்தவருக்கு இடமிருக்காது. ஒருவர் கழன்றால் மற்றவர் சேரலாம்.

வருது, ஆனா ரொம்ப ஸ்லோ

இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை ஊரே போனைப் பார்க்கிற நேரம். ஒரே டவரை எல்லாரும் பங்கு போடுவதால் வேகம் குறையும். அதிகாலையில் அதே ரவுட்டர் வேகமாக ஓடினால் பழுது இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் பாடக் கோப்புகளை அந்த நேரத்தில் இறக்கி வைக்கலாம்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். வீடியோவின் தெளிவைக் குறைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 300 எம்பி போகும். மிகத் தெளிவாகப் பார்த்தால் ஒன்றரை ஜிபிக்கு மேலும் போகும். ஒருவர் படம் பார்க்கும்போது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வகுப்பு நின்று நின்று வருவது இதனால்தான். போன்கள் தாமாகவே அப்டேட் செய்வதையும், படங்களை மேலே ஏற்றுவதையும் நிறுத்தி வையுங்கள். “யாரோ டேட்டாவைத் திருடிட்டாங்க” என்று பக்கத்து வீட்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நம்முடைய போனைப் பார்ப்போம்.

லயத்தின் கடைசி வீட்டுக்கு எட்டவில்லை என்று ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள், அதைக் கடைசி வீட்டில் வைக்க வேண்டாம். அங்கே சிக்னலே இல்லை, அது எதைத் திருப்பி அனுப்பும்? நடு வீட்டில் வைத்தால்தான் பிடித்து அனுப்பும். பாதி வேகம் குறையலாம், அதையும் எதிர்பாருங்கள்.

சின்னத் துளையைக் குத்த வேண்டாம்

ரீசெட் துளையைக் குத்திப் பிடித்தால் ரவுட்டரில் நாம் போட்டது எல்லாம் அழியும். பெயரும் பாஸ்வேர்ட்டும் அடியில் ஒட்டிய தாளில் உள்ளபடி திரும்பிவிடும். தெரியாமல் குத்திவிட்டால் பயப்பட வேண்டாம். அந்தத் தாளில் உள்ள பெயரைப் போனில் தேடி, அதிலுள்ள பாஸ்வேர்ட்டைப் போடுங்கள். பிறகு பழைய பெயரையும் பாஸ்வேர்ட்டையும் வைத்துவிட்டால் எல்லாப் போனும் தானாகச் சேரும். இதற்காகவே பழைய பெயரையும் பாஸ்வேர்ட்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்தில் நம்முடைய மலைகளில் இடி அதிகம். சுவிட்ச் மட்டும் ஓஃப் செய்தால் போதாது.

பங்குக்காரர்கள் பேசிக்கொள்ள வேண்டியவை

ஒரு சிம்மில் மூன்று வீடு பாவித்தால் மூன்று விஷயத்தை முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். யார் எவ்வளவு போடுவது, எந்தத் திகதியில் போடுவது என்பது ஒன்று. பரீட்சைக் காலத்தில் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை படிக்கும் பிள்ளைகளுக்கே முதலிடம் என்பது இரண்டு. பாஸ்வேர்ட்டை மாற்றினால் மூன்று வீட்டுக்கும் அன்றே சொல்ல வேண்டும் என்பது மூன்று. வெளியாட்களுக்கு பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டாம். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் எல்லாக் கேள்வியும் வரும். கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி யாராவது போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டால் ஒருபோதும் சொல்லக் கூடாது.

கடைசியாக ஒன்று. விண்ணப்பம் அனுப்புவதைக் கடைசி இரவுக்கு வைக்க வேண்டாம். கரண்ட் போகலாம், டவர் போகலாம், டேட்டா முடியலாம். மூன்று நாள் முன்னதாக உட்கார்ந்தால் இதில் எது நடந்தாலும் டவுனுக்குப் போய்வர நேரம் இருக்கும். கொழுந்தெடுத்த காசில் படிக்க வைத்த பிள்ளையின் இடம் ஒரு ஊசித் துளையால் போகக் கூடாது.

இந்தப் பக்கத்தை வெட்டி, ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.