நீதிமன்ற வாசல் – 9: காளையும் ஐந்து நாற்காலிகளும்

டெல்லி மெட்ரோவின் நீல வழித்தடத்தில் சுப்ரீம் கோர்ட் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. 2022 நவம்பர் கடைசியில், சட்டக் கல்லூரி மாணவனாக அங்கே இறங்கினேன். அந்த வாரம் ஜல்லிக்கட்டு வழக்கின் விசாரணை. மதுரைப் பக்கத்து எங்கள் ஊரில் தாத்தா இன்னமும் காளை வளர்க்கிறார். அதனால் எனக்கு அது வெறும் பாடப்புத்தக வழக்காக இருக்கவில்லை.

வழக்கறிஞர் ஒருவர் மூலம் கிடைத்த பாஸ், கவுன்ட்டரில் ஒப்படைத்த கைப்பேசி, உடல் சோதனை. பிறகு நீண்ட தாழ்வாரம். பேப்பர் புக்குகளைச் சுமந்தபடி ஜூனியர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலிக்கும் பின்னால் எனக்கு நிற்க இடம் கிடைத்தது.

மேலே ஐந்து நீதிபதிகள். அரசமைப்புச் சட்டத்துக்கு விளக்கம் தேவைப்படும் முக்கியக் கேள்வி என்றால் குறைந்தது ஐந்து பேர் அமர வேண்டும் என்கிறது பிரிவு 145(3). தலைமை தாங்கியவர் கே.எம்.ஜோசப். 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மெரினா போராட்டத்துக்குப் பின் 2017-இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அது செல்லுமா என்பதுதான் கேள்வி.

மூட் கோர்ட் போட்டிகளுக்காக மனப்பாடம் செய்து பேசிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே மூத்த வழக்கறிஞர் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் மேலிருந்து கேள்வி வந்துவிடுகிறது. அவரும் எடுத்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் போகிறார். எழுதி வைத்துக்கொண்டு வந்த வாதம் அங்கே பத்து நிமிடம் தாங்காது.

அந்த விசாரணையில் மனுதாரர் தரப்பு, காளைகள் படும் துன்பத்தைக் காட்டும் புகைப்படங்களை முன்வைத்தது. படங்களை வைத்து ஒரு முடிவுக்கு வருவது ஆபத்து என்று அமர்வு தயங்கியது. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் வாலை முறுக்குவதைச் சிறுவயதில் நானே அருகில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்குப் புகைப்படம் தேவையே இல்லை.

விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டா என்ற கேள்வி என்னை இன்னும் அலைக்கழித்தது. மாட்டை அடித்தால் பாவம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மாட்டுக்கு உரிமை இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாவம் அடிப்பவனைப் பற்றிய பேச்சு. உரிமை அடிபடும் மாட்டைப் பற்றியது. கால்கடுக்க நின்ற அந்த நேரத்தில் இந்த வித்தியாசம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி நின்று கேட்பதற்காக ஒரு மாணவரே வழக்காடியிருக்கிறார். திங்கள், வெள்ளிக் கிழமைகளில் பயிற்சி மாணவர்கள் நீதிமன்ற அறைக்குள் செல்ல முடியாமல் இருந்ததை எதிர்த்து, ஜோத்பூர் தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர் ஸ்வப்னில் திரிபாதி மனு போட்டார். அந்த வழக்கில்தான் 2018 செப்டம்பர் 26 அன்று நேரலைக்கு அனுமதி பிறந்தது. நடைமுறைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின: 2022 செப்டம்பர் 27 முதல் அரசமைப்பு அமர்வுகள் நேரலையில் வருகின்றன. சட்டம் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது முழுதாக வாசிக்க வேண்டும்.

2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திருத்தம் செல்லும் என்றார்கள். ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதி என்று சட்டமன்றம் முடிவெடுத்துவிட்ட நிலையில் நீதிமன்றம் மாறுபடாது என்றார்கள். விலங்குகளுக்கு அடிப்படை உரிமையை நீட்டிக்கவும் மறுத்துவிட்டார்கள். ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினோம்.

எனக்கு அதைவிட நினைவில் நிற்பது டெல்லியின் அந்தச் சாயங்காலம். கைப்பேசி கைக்கு வந்ததும் தாத்தாவை அழைத்தேன்.

“நம்ம பக்கம் என்னப்பா சொன்னாங்க?”

எதிர்த்தரப்பு சொன்னதைத்தான் முதலில் சொன்னேன். படங்களைப் பற்றியும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாலை முறுக்குறது தப்புதான்டா” என்றார் கடைசியில். “அதை அங்க யாராச்சும் கேட்டாங்கல்ல, அது வரைக்கும் சரி.”

(தொடரும்)