ராசி ஆட்டுக்கா, கிடாவுக்கா?



எங்கள் சிவகிரிப் பக்கம் கைச்செலவுக்கு உதவுமே என்று நாலைந்து செம்மறி ஆடு வளர்க்கிற பெண்கள் உண்டு. ஆடு இரட்டைக் குட்டி போட்டால், "ராசியான ஆடு" என்பார்கள். சினை பிடிக்காவிட்டால், "மலடு, வீட்டுக்கு ஆகாது" என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. குழந்தையில்லாத மருமகள் தீவனம் வைத்திருந்தால், "அவ கைராசிதான்" என்று ஒரு சொல்லும் விழும். இது நியாயமா?

பெண் குட்டி பிறக்கும்போதே அதன் முட்டைகள் எல்லாம் சினைப்பையில் தூங்கிக்கொண்டிருக்கும். நமக்கும் அப்படித்தான். பிறக்கும்போதே சுமார் 10 லட்சம் முட்டைகள் உண்டு. ஒவ்வொரு முட்டையையும் சுற்றிச் சின்னச் செல்கள் உறை மாதிரி மூடியிருக்கும். முட்டை விழித்து வளர வேண்டுமானால், அதுவும் சுற்றியுள்ள செல்களும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ள வேண்டும். அந்தச் சேதிதான் 'வளர்ச்சிக் காரணிகள்' என்கிற புரதங்கள். பாலுக்கு உறைமோர் மாதிரி, அளவுதான் முக்கியம்.

நியூசிலாந்தில் இன்வெர்டேல் என்றொரு செம்மறி வகை. முட்டை சுரக்கும் ஒரு காரணியின் மரபணு அதில் பழுதாகியிருப்பதை 2000ல் கண்டுபிடித்தார்கள். பழுது ஒரு பங்கு மட்டும் இருந்தால் முட்டை அதிகம் வெளிவந்து இரட்டைக் குட்டி. இரண்டு பங்கும் பழுதானால் முட்டை முதல் படியிலேயே நின்றுவிடும், ஆடு மலடு. கவனியுங்க, அந்த இரண்டில் ஒன்று தாயிடமிருந்து வந்தது, இன்னொன்று தகப்பன் கிடாவிடமிருந்து! கிடாவுக்கோ ஒரு குறையும் தெரியாது. பழி மட்டும் பெட்டை ஆட்டுக்கு.

நம் நாட்டிலும் இதைப்போல ஒன்று உண்டு. மேற்கு வங்கம் சுந்தரவனத்துக் குட்டை ஆடான கரோல், இரண்டு மூன்று குட்டி போடும். அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் மாற்றமே காரணம் என்று 2001க்குப் பிறகு தெரிந்தது. மகாராஷ்டிராவில் பல்டணில் உள்ள நிம்ப்கர் ஆராய்ச்சி நிலையத்தார், கரோலின் அந்தக் குணத்தை உள்ளூர் தக்காணி ஆட்டில் சேர்த்து, 'நாரி சுவர்ணா' என்ற ஆட்டை உருவாக்கினார்கள். ராசி பார்த்து அல்ல, கிடாவைத் தேர்ந்தெடுத்து!

ஆகவே கிடா வாங்கும்போது அதன் தாய் எத்தனை குட்டி போட்டது என்று கேளுங்க. இரட்டை சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி ஒன்றரை மாதம் தீவனத்தைக் கூட்டுங்க. பிறந்ததும் இரண்டு குட்டிக்கும் சீம்பால் கிடைக்கணும். சினை பிடிக்காத ஆட்டை விற்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. சத்துக்குறைவு, நோய், கிடாவின் குறை என்று காரணம் பல இருக்கும்.

ஆட்டுக்கே இத்தனை காரணம் இருக்கும்போது, வீட்டுக்கு வந்த பெண்ணை ஒரே சொல்லில் 'மலடி' என்பதை இனியாவது விடலாமே!

- ஒரு வாசகி, சிவகிரி.