மேற்கோட்குறியும் தேடலின் சிக்கனமும்: காற்புள்ளிக் கோப்புகளை எழுதுதல் பற்றிய ஒரு நோக்கு

அட்டவணை வடிவிலமைந்த தரவுகளை ஒரு கணினி முறைமையிலிருந்து பிறிதொன்றிற்குக் கொண்டுசெல்வதற்குப் பரவலாகப் பயன்படுவது, காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட மதிப்புகளைக் கொண்ட கோப்பாகும். சீ.எஸ்.வி. என்னும் பெயரால் அது வழங்குகின்றது. ஒரு வரி ஒரு பதிவு. இரு காற்புள்ளிகளுக்கு இடைப்பட்டது ஒரு புலம். இவ்வெளிமையினுள்ளே ஒரு முரண்பாடும் பொதிந்துள்ளது. பிரிக்கும் குறியே பிரிக்கப்படும் பொருளினுள்ளும் வருதல் கூடும். 'பேராதனை, கண்டி' என்னும் முகவரியை அவ்வாறே எழுதினால், வாசிக்கும் நிரல் அதனை இரு புலங்களாகக் கொள்ளும். பின்வரும் புலங்கள் யாவும் ஓரிடம் தள்ளிப்போகும்.

இதற்கான தீர்வே மேற்கோட்குறி. நடைமுறையிலே நிலவிய வழக்கினை 2005இல் வெளியான ஆர்.எவ்.சி. 4180 என்னும் ஆவணம் தொகுத்துரைத்தது. காற்புள்ளி, இரட்டை மேற்கோட்குறி, வரிமுறிவு ஆகியவற்றுள் ஒன்றையேனும் கொண்ட புலம் இரட்டை மேற்கோட்குறிகளுக்குள் அடைக்கப்படல் வேண்டும். உள்ளே வரும் மேற்கோட்குறி இரட்டிக்கப்படல் வேண்டும். ஏனைய புலங்களுக்கு அடைப்பு விருப்பத்திற்குரியது.

ஆயின், இவ்விருப்பத்திற்கு ஒரு விலை உண்டு. அடைப்புத் தேவையா என அறிய ஒவ்வொரு புலத்தையும் துருவிப் பார்த்தல் வேண்டும். வரிமுறிவைக் குறிப்பன இரு குறிகளாதலால், தேடவேண்டியவை மொத்தம் நான்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடும் நிரலை எண்ணிப் பார்ப்போம். தேடிய குறி கிடைத்தால் தேடல் இடையில் நின்றுவிடும். கிடைக்காவிடின் புலத்தின் இறுதிவரை செல்லும். பெரும்பாலான புலங்களில் இக்குறிகள் இரா. எனவே, ஆகக்கூடிய செலவே இங்கு வழமையான செலவாகின்றது. 10 இலட்சம் பதிவுகள், பதிவொன்றுக்கு 20 புலங்கள், புலமொன்றுக்குச் சராசரி 10 பைட்டுகள் எனக் கொண்டால், 20 கோடி பைட்டுகளுக்கு ஏறத்தாழ 80 கோடி ஒப்பீடுகள் வேண்டப்படும்.

இதனைக் குறைக்கும் முதல் வழி, நான்கு தேடல்களையும் ஒன்றாக இணைத்தலாகும். 256 இடங்கள் கொண்ட அட்டவணை ஒன்றிலே நான்கு குறிகளுக்குரிய இடங்களை மட்டும் அடையாளமிட்டு, ஒவ்வொரு பைட்டுக்கும் அட்டவணையை ஒருமுறை நோக்கினாற் போதும். பைதன் மொழியின் 2.3ஆம் பதிப்போடு 2003இல் வந்த சீ.எஸ்.வி. கூறும் சோதனைகளை ஒரே நடையில் இணைத்தே செய்கின்றது. முதல் நடையிலே நீளத்தைக் கணித்து, அடைப்புத் தேவையா என அறிகின்றது. இரண்டாம் நடையிலே எழுதுகின்றது.

எல்லாப் புலங்களையும் அடைத்துவிடுதல் இரண்டாம் வழி. அப்போது தேடவேண்டியது மேற்கோட்குறி ஒன்றே. ஆயின் புலமொன்றுக்கு இரண்டு பைட்டுகள் மேலதிகமாகும். மேற்கூறிய கோப்பு 4 கோடி பைட்டுகளாற் பெருக்கும். தேடலிற் பெற்ற இலாபம் சேமிப்பிலும் கடத்தலிலும் செலவாகின்றது.

மூன்றாவது, தரவின் இயல்பை அறிந்து தேடலைத் தவிர்த்தல். முழுவெண் புலத்தில் இலக்கங்களும் கழித்தற்குறியுமே வருமாதலால் அங்கு தேடல் வேண்டியதில்லை. தசம எண்களில் அவதானம் தேவை. ஜேர்மன் வழக்கிலே தசமக்குறி காற்புள்ளியே. மாவட்டப் பெயர் போலத் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை ஒருமுறை சோதித்து முடிவைப் பேணிக்கொள்ளலாம். எனினும், அவை ஏற்கெனவே குறியீட்டெண்களாகச் சேமிக்கப்பட்டிருந்தாலே இது பயன்தரும். இல்லையேல், பேணிய முடிவை மீட்பதற்கே சரத்தை முழுமையாக வாசிக்க நேரிடும்.

வன்பொருளின் வளர்ச்சியும் இங்கு கருதத்தக்கது. 2000இல் வெளியான இன்ரெல் பென்ரியம் 4, எஸ்.எஸ்.ஈ.2 கட்டளைகள்மூலம் 16 பைட்டுகளை ஒருங்கே ஒப்பிட வல்லதாயிற்று. இத்தகைய கட்டளைகளைப் பயன்படுத்தும் நூலகச் செயற்கூறுகளை நான்கு முறை அழைப்பது, நீண்ட சரங்களில், பைட்டு பைட்டாக அட்டவணையை நோக்குவதிலும் விரைவாக அமையலாம். குறுகிய சரங்களிலோ அழைப்பின் செலவே மேலோங்கும். ஆகவே, எவ்வழி சிறந்தது என்பதை அருவமாகத் தீர்மானித்தல் இயலாது. உண்மையான தரவின்மீது அளந்தே காணல் வேண்டும்.

தமிழ்த் தரவுகளைக் கையாளுவோர்க்கு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. யூ.ரி.எவ்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளைப் பெறும். அம்மூன்றும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பின. தேடப்படும் நான்கு குறிகளோ 128இற்குக் குறைந்தவை. எனவே, தமிழெழுத்தின் நடுவிலே போலிக் காற்புள்ளி தோன்றும் என்ற ஐயத்துக்கு இடமில்லை. பைட்டுத் தேடலே போதுமானது.

இறுதியாக ஒன்று மனங்கொளத்தக்கது. எமது தரவில் காற்புள்ளி வராது என்ற ஊகத்தில் சோதனையையே கைவிடுவோரும் உளர். அது சிக்கனமன்று. எழுதும் நிரல் செய்யாதுவிட்ட வேலை, வாசிக்கும் நிரலையும், பிழையான வரிகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தும் ஊழியரையும் சென்றடைகின்றது. புலம் ஓரிடம் தள்ளிப்போன பதிவிலே ஒருவரின் முகவரி இன்னொன்றாகப் பதியப்படலாம். தேவையற்ற தேடலை நீக்குதல் வேறு, தேவையான தேடலைப் பிறர்மேற் சுமத்துதல் வேறு. முன்னையதையே நாம் சிக்கனம் எனக் கொள்ளல் தகும்.