லேசான சுளுக்குத்தானே சார்!

'ஒண்ணுமில்ல சார், லேசா சுளுக்கு!' இப்படிச் சொல்லியே வருஷக்கணக்கில் நொண்டுகிறவர்கள் நிறைய. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்த நம்ம ஆசாமிக்கு ஆபீஸில் நாற்காலியாவது உண்டு. மரக்காணம் உப்பளத்தில்? வழுக்கும் பாத்தியில் நின்று உப்பு வார வேண்டும். குறுகலான வரப்பில் சுமையோடு நடக்க வேண்டும். ஒருமுறை பிசகிய கணுக்கால் அங்கே மறுபடி மறுபடி பிசகும்.

பெரும்பாலும் கோளாறு எலும்பில் இல்லை. மூட்டை இழுத்துப் பிடிக்கும் வெளிப்பக்க லிகமென்ட் நார் தொளதொளத்து விடுகிறது. முதல் மருந்து பயிற்சிதான். ஒற்றைக் காலில் நின்று பழகுவது போன்றவற்றை மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கத்தியே வேண்டாம்.

அப்பவும் சரியாகலையா? நாரை இழுத்துத் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஸ்வீடன் டாக்டர் ப்ரோஸ்ட்ரம் 1966-ல் வெளியிட்ட முறை இது. மூட்டே தேய்ந்து போனவர்களுக்கு எலும்புகளை ஒட்ட வைப்பதும் உண்டு. வலி போகும்; கணுக்காலின் அசைவும் கூடவே போகும்!

தைத்த பிறகு கடின வேலைக்குத் திரும்ப நாலு மாதம்கூட ஆகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பாத்தி மூழ்கிக் கிடக்கும். உப்பளக் கூலி எப்படியும் இல்லை. ஆகவே கோடையிலேயே டாக்டரைப் பார்த்து, பயிற்சியை முடித்து, ஐப்பசிக்குள் முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மெடிக்கல் லீவு உள்ள ஆபீஸ்காரரே... உங்களுக்கு என்ன சாக்கு?