மேலே ஏறாமல் நடத்திக் கூட்டிப் போனாலும் குதிரை இன்ஷூரன்ஸ் செல்லுமா?

ஊட்டியில் குழந்தையை மட்டக்குதிரையில் உட்காரவைத்து, குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டன் கிராமங்களில் குதிரை வளர்க்கும் வீடுகளில் இது அன்றாட வேலை. அங்கே பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் கயிற்றைப் பிடித்து நடப்பவர். லாயத்திலிருந்து மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப் போவார்கள். அடிபட்டுத் தேறிவரும் குதிரையை டாக்டர் சொன்னபடி மெல்ல நடக்கவைப்பார்கள். சவாரிக்குப் பழகாத குட்டிக்கு ரோட்டைப் பழக்குவார்கள். இப்படிப் பல நேரம் குதிரையின் முதுகில் ஆளே இருப்பதில்லை.

அப்படிப் போகும்போது குதிரை மிரண்டு ஒரு காரை உதைத்துவிட்டால்? கயிற்றைப் பிடித்திருந்தவரையே கீழே தள்ளிவிட்டால்? குதிரைக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடியாது. பாலிசி ஒன்றுதான் என்றாலும், அதற்குள் இருப்பவை தனித்தனிப் பாதுகாப்புகள்.

அடுத்தவருக்கு நஷ்டம் என்றால்...

இதுதான் ‘தேர்ட் பார்ட்டி’ பாதுகாப்பு. குதிரையால் வெளி ஆளுக்கோ அவர் பொருளுக்கோ சேதம் வந்தால், சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டை கம்பெனி ஏற்கும். இது பொதுவாகக் குதிரையின் பொறுப்பாளர் யார் என்பதை வைத்து அமைவது. அவர் மேலே இருந்தாரா, கீழே நடந்தாரா என்பது இரண்டாவது விஷயம்தான். ஆனால் நடத்திக் கூட்டிப் போனவர் யார் என்பது முக்கியம். சில பாலிசிகள் உரிமையாளரை மட்டும் காப்பாற்றும். சில, அவர் அனுமதியோடு குதிரையைக் கையாள்பவரையும் சேர்க்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்பும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். காயம்பட்டவர் சொந்தக் குடும்பத்தவர் என்றால், அவரை வெளி ஆளாகக் கணக்கில் எடுக்காத பாலிசிகளும் உண்டு.

இந்தப் பாதுகாப்பு ஏன் அவசியம்? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1971-ம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி, பொறுப்பாளர் மீது தவறே இல்லாவிட்டாலும் சில சமயம் அவரே பணம் கட்ட நேரும். 1996-ல் டெவன் பகுதியில் மேய்ச்சல் நிலத்திலிருந்து மிரண்டு ஓடிய குதிரை ஒன்று நெடுஞ்சாலையில் கார் மீது மோதியது; காரோட்டிக்குப் பலத்த காயம். வேலி விஷயத்தில் உரிமையாளர்கள் கவனக்குறைவாக இருந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனாலும் 2003-ல் பிரபுக்கள் சபை, 3-க்கு 2 என்ற தீர்ப்பில், பொறுப்பு அவர்களுடையதே என்றது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. குதிரையை வைத்திருப்பது 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், குடும்பத் தலைவரும் பொறுப்பாளர்தான்.

நடந்தவருக்கே அடிபட்டால்...

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ‘தனிநபர் விபத்து’ப் பிரிவு மரணம், கை கால் இழப்பு, பார்வை இழப்பு, நிரந்தர ஊனம் போன்றவற்றுக்கு ஒரு தொகை தரும். ஆனால் சில பாலிசிகளில் ‘சவாரி செய்யும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அப்படியானால் நடந்து போனவர் காலை மிதித்தால் அதில் இடமில்லை. ‘கையாளும்போதும், நடத்திச் செல்லும்போதும்’ என்ற வார்த்தைகள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த இரண்டு வார்த்தைகளில்தான் மொத்தப் பணமும் இருக்கிறது.

குதிரைக்கே காயம் என்றால்...

வைத்தியச் செலவுப் பிரிவுக்கு, முதுகில் ஆள் இருந்தாரா என்பது வழக்கமாகப் பிரச்னை இல்லை. குதிரையை எதற்கெல்லாம் பயன்படுத்துவதாகப் படிவத்தில் சொன்னீர்கள், ஏற்கெனவே இருந்த நோயா, வயது என்ன என்பவைதான் கேள்விகள். வயதான குதிரைகளுக்கு வெளிக்காயம் மட்டும் என்று பாதுகாப்பைச் சுருக்கும் பாலிசிகளும் உண்டு.

காசு வாங்கினால் கதை வேறு

பிறந்தநாள் விழாவில் குழந்தைகளை ஏற்றி, கட்டணம் வாங்கி நடத்திக் காட்டினால் அது தொழில். வீட்டு உபயோகத்துக்கு எடுத்த பாலிசி பொதுவாக அதற்குச் செல்லாது. தனிப் பாலிசி வேண்டும்.

ரோட்டில் நடக்கும் முறை

குதிரையை இடது பக்கம் நின்று பிடிப்பதுதான் பழக்கம். ஆனால் பிரிட்டனில் ரோட்டில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டிகள் போகும் திசையிலேயே, சாலையின் இடது ஓரமாக, குதிரை உங்களுக்கு இடப்பக்கம் வரும்படி நடக்க வேண்டும். அப்போதுதான் குதிரைக்கும் வண்டிக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். வெறும் தலைக்கயிற்றைவிடக் கடிவாளம் நல்லது. நடைபாதையில் குதிரையை ஏற்றக் கூடாது. வண்டியோட்டிகளுக்கும் விதி உண்டு: மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கடக்க வேண்டும்.

கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

* நடத்திச் செல்லும்போது நேரும் விபத்து எந்தெந்தப் பிரிவில் வரும்?
* அனுமதியோடு கூட்டிப் போகும் மற்றவருக்கும் பாதுகாப்பு உண்டா? வயது வரம்பு என்ன?
* ஒரே நேரத்தில் இரண்டு குதிரைகளைக் கூட்டிப் போகலாமா?

பதிலை போனில் கேட்டதோடு விடாமல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்துவிட்டால் தாமதிக்காமல் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். அவர்களைக் கேட்காமல், ‘தப்பு என்னுடையதுதான், முழுப் பணமும் தந்துவிடுகிறேன்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையாலேயே க்ளெய்ம் சிக்கலாகிவிடலாம்.